நெடுந்தீவில் தங்கி மீன்பிடிக்க வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தீவின் மேற்குப் பக்கம், கடலைப் பார்த்தபடி நாலு அறைகள் உள்ள ஒரு வீடு எங்களுடையது. எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர்களின் படகில், அவர்களே கூட்டிப் போக, இரண்டு மூன்று நாள் தங்கி மீன்பிடிக்க விரும்புகிறவர்களுக்காக அதைத் திறந்து வைத்திருக்கிறோம். கொழும்பிலிருந்தும் கனடா, லண்டன், சுவிஸிலிருந்தும் போனில் கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம். வருவதற்கு முதல் ஒருக்கால் முழுவதும் வாசியுங்கள். குறிப்பாக, படகு ஓட்டி 'இண்டைக்கு இல்லை' என்று சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எப்படி வருவது?

முதலில் புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவேண்டும். பண்ணைப் பாலத்தால் ஏறி அல்லைப்பிட்டி, வேலணை கடந்து வரும் பாதை. ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் இன்னொரு மணித்தியாலம். நயினாதீவுப் படகும் அதே துறையிலிருந்துதான் போகிறது. வரிசை மாறி ஏறிவிடாமல் கேட்டு ஏறுங்கள். படகு நேரங்கள் காலநிலையோடு மாறும். முதல் நாள் பின்னேரம் எங்களுக்கு அழைத்தால் அடுத்த நாள் நேரத்தைச் சரியாகச் சொல்வோம். அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு கையோடு இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து ரயிலில் வரலாம். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்ப ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பலாலி விமான நிலையமும், 2023 ஒக்ரோபரில் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கின்றன. கப்பல் ஓடாத மாதங்களும் உண்டு, பார்த்துப் பதியுங்கள்.

குறிகட்டுவானிலிருந்து வரும் படகு பயமாக இருக்குமா?

சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆட்டும். புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஏழாத்துப் பிரிவு என்று எங்கள் ஆட்கள் சொல்லுகிற இடத்தில் நீரோட்டங்கள் ஒன்றையொன்று முட்டும். அங்கே படகு நல்லாய்த் தூக்கிப் போடும். பங்குனி, சித்திரையில் அதே இடத்தில் குழந்தையை மடியில் நித்திரையாக்கிக்கொண்டு வரலாம்.

இந்தக் கடற்பாதையில் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வந்த எங்கள் சனங்கள் கொல்லப்பட்டார்கள். தீவில் அவர்களுக்கான நினைவுத்தூபி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் ஊர் அங்கே கூடும். அன்றைக்கு நாங்கள் யாரையும் மீன்பிடிக்கக் கூட்டிப் போவதில்லை.

எந்த மாதம் வந்தால் நல்லது?

எங்களுக்கு நாட்காட்டி காற்றுத்தான். வைகாசி நடுவுக்குப் பிறகு சோழகம் பிடிக்கும். அது தென்மேற்கிலிருந்து ஆவணி, புரட்டாசி மட்டும் விடாமல் வீசும். அந்த நாட்களில் காலை நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் மட்டும் கடல் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில் காற்றுத் திரும்பி வாடையாகும். கார்த்திகை, மார்கழியில் மழையும் சேரும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் ஆட்களை எடுப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் எடுப்பதில்லை.

மாசி நடுப்பகுதியிலிருந்து கடல் அடங்கத் தொடங்கும். பங்குனியும் சித்திரையும்தான் பொற்காலம். எண்ணெய் ஊற்றி விட்டதுபோலத் தண்ணி மினுங்கிக்கொண்டு கிடக்கும். படகின் நிழலுக்குக் கீழே சாதாழை என்கிற கடற்புல் அசைவதுகூடத் தெரியும்.

இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 மட்டும் 61 நாள் இந்தியக் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் கடலுக்குள்ளும் வந்து போகிற படகுகள் அவை. அந்த நாட்களில் எங்கள் கடல் மூச்சு விடும். வலை அறுபடும் என்ற பயமில்லாமல் எங்கள் ஆட்கள் தொழில் செய்வார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வந்து, சோழகம் பிடிக்க முதல் திரும்புகிறவர்களுக்கு இரண்டு நன்மையும் கிடைக்கும்.

மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். அந்தக் கிழமை படகுகளும் துறையும் நிரம்பி வழியும். திருவிழாத் திகதியைப் பார்த்து உங்கள் பயணத்தைப் போடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிய மூன்றரைக்குக் கதவைத் தட்டுவோம். பனங்கட்டி கடித்துக்கொண்டு ஒரு தேத்தண்ணி. அவ்வளவுதான், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படகில் ஏறக்கூடாது. ரோச் லைற் வெளிச்சத்தில் கரைக்கு நடந்து போகப் பத்து நிமிடம். அங்கே ஓட்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். எங்கள் மூத்த ஓட்டியை ஊரே பெரியண்ணை என்றுதான் கூப்பிடும், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். அவர் கரையில் நின்று ஒரு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டார். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, அலை எந்த இடைவெளியில் அடிக்கிறது, விடிவெள்ளிக்குக் கீழே மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவரோடு கதை கொடுக்க வேண்டாம்.

18 அடி பைபர் படகு. வெளியிணைப்பு இயந்திரம். விருந்தினர் மூன்று பேர், ஓட்டி, உதவிக்கு ஒரு தம்பி. கரையோரம் முழங்கால் ஆழம்தான் என்பதால் இயந்திரத்தைத் தூக்கி வைத்து, மரக்கோலால் தாங்கித் தாங்கித்தான் வெளியே கொண்டு போவார்கள். பாக்கு நீரிணைக் கடல் பெரிய ஆழமில்லாதது. பெரும்பாலான இடங்களில் 15 மீற்றருக்கும் குறைவு. எங்கள் ஆட்கள் மீற்றரில் சொல்லமாட்டார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். 'நாலு பாகத் தண்ணியில போடுவம்' என்றால் ஏறத்தாழ 24 அடி.

இடம் பிடிக்கிறதைப் பார்ப்பதே தனி அனுபவம். கரையில் தெரிகிற ஒரு கட்டிடத்தையும் அதற்குப் பின்னால் நிற்கிற ஒரு தனிப்பனையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்வார் பெரியண்ணை. மற்றப் பக்கம் திரும்பி இன்னொரு சோடிக் குறி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் இயந்திரம் நிற்கும். கீழே ஒரு மேசை அளவுக் கல்லுத்தான் இருக்கும். அந்தக் கல்லுக்கு மேலேயே நங்கூரம் விழாமல், அதிலிருந்து காற்று வருகிற பக்கம் விழும். ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு வந்த ஒரு விருந்தினர் மூன்று நாளும் சரிபார்த்தார். மூன்று நாளும் படகு அந்தக் கல்லுக்கு மேலேயே நின்றது.

பிறகு தூண்டில். கைத்தூண்டில்தான்: தங்கூசி (நைலோன் நூல்), ஈயக்குண்டு, முள், அதில் கணவாய்த் துண்டு அல்லது பாதியாக வெட்டிய சூடை. தங்கூசி சுட்டுவிரல் மேலாக ஓட வேண்டும். விரல் வெட்டாமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டின விரலுறை தருவோம். குண்டு நிலத்தில் தட்டியதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொறுத்திருங்கள். சின்ன மீன்கள் கொறிக்கும். விரலில் எறும்பு ஊருவது போல இருக்கும், விட்டுவிடுங்கள். விளைமீன் அப்படியில்லை. ஒருதரம் தட்டும். ஒரு மூச்சு அமைதி. பிறகு தங்கூசி உங்கள் விரலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். 'தூக்கு!' என்று பின்னால் இருந்து சத்தம் வரும்போது உங்கள் கை ஏற்கெனவே தூக்கியிருக்கும்.

பத்து, பத்தரைக்குள் கரைக்குத் திரும்பிவிடுவோம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். பின்னேரம் விரும்பினால் கரையோரத்தில் வீச்சுவலை எறியப் பழகலாம், அல்லது இறங்குதுறைப் பக்கம் முரலுக்குத் தூண்டில் போடலாம்.

என்னென்ன மீன் படும்?

கல்லுள்ள இடங்களில் விளை, கலவாய். ஓட்டத்தில் பாரை, சீலா. சாதாழைத் தரையில் ஒட்டியும் ஓராவும், அவற்றோடு கணவாய். கரையில் முரல், திரளி. வெளிக்கடலுக்குக் கொஞ்சம் தள்ளிப் போனால் அறக்குளா வரும், ஆனால் அதற்கு நாளும் அமைய வேண்டும்.

கட்டாயம் மீன் படுமா?

இல்லை. ஒரு காலை முழுக்க இருந்து இரண்டு ஒட்டியோடு திரும்பிய நாட்களும் உண்டு. பெரியண்ணை 40 வருடத்துக்கு மேலாகத் தொழில் செய்கிறார், அவருக்கும் அப்படித்தான். மீன் படாவிட்டால் காசு திரும்பத் தருவீர்களா என்று கேட்கிறார்கள், தரமாட்டோம். படகும் எண்ணெயும் ஒரு மனிதனின் ஒரு நாளும் செலவாகியிருக்கிறது. மேசையில் மீன் இருக்கும், அது எங்கள் பொறுப்பு. உங்கள் கையால் பிடித்ததா என்பது கடலின் பொறுப்பு.

நான் தூண்டிலே பிடித்ததில்லை. வரலாமா?

வாருங்கள். தெரியாதவர்கள்தான் சொன்னதைக் கேட்பார்கள்.

சொந்தக் கழியும் றீலும் கொண்டு வரலாமா?

தாராளமாக. நடுத்தரப் பலமுள்ள கழி, 20 முதல் 40 இறாத்தல் தாங்கும் நூல் போதும். பாரைக்கும் சீலாவுக்கும் மினுங்குகிற செயற்கை இரைகள் நன்றாக வேலை செய்யும். சீலாவின் பல் நூலை வெட்டிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுங்கள். ஆனால் முதல் காலை கைத்தூண்டிலோடு இருந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கழி உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கிற ஒரு ஆள் மாதிரி. கைத்தூண்டிலில் கீழே என்ன நடக்கிறது என்று விரல் படித்துவிடும்.

மீன்சுடும் துப்பாக்கி கொண்டு வர வேண்டாம். இலங்கைக் கடலில் அது சட்டப்படி தடை.

ஓட்டி 'இண்டைக்கு இல்லை' என்று சொன்னால்?

இல்லைத்தான். அதற்கு மேல் பேச்சில்லை. மூன்றரைக்கு எழும்பி, தேத்தண்ணி குடித்து, கரை வரைக்கும் வந்த பிறகும் அவர் தலையை ஆட்டிவிட்டால் திரும்பி வந்து படுக்க வேண்டியதுதான். வானம் தெளிவாக இருக்கும், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும், உங்கள் கண்ணுக்குக் கடல் சும்மா கிடக்கும். இருந்தாலும் இல்லை.

இதில் நாங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன். தொடங்கிய முதல் வருடம், ஒரு வைகாசிக் கடைசி. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அடுத்த நாள் திரும்ப வேண்டும், ஒரு நாள்கூடக் கடலுக்குப் போகவில்லை. பெரியண்ணை வேண்டாம் என்றார். நான்தான் அவரிடம் 'ஒரு மணித்தியாலம் மட்டும் அண்ணை, கண்ணுக்கெட்டின தூரத்துக்குள்ள' என்று மன்றாடினேன். என் முகத்துக்காக வெளிக்கிட்டார். எட்டு மணிக்குச் சோழகம் எழும்பிவிட்டது. திரும்பும்போது அலைத் தண்ணி ஏறி இயந்திரம் நின்றது. கரை தெரிகிறது, ஆட்களின் முகம்கூடத் தெரிகிறது, ஆனால் படகு விலகி விலகிப் போகிறது. பெரியண்ணையும் அந்தத் தம்பியும் நங்கூரத்தைப் போட்டு, படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்துக்கொண்டு, மூன்று மணித்தியாலம் தண்ணி இறைத்தார்கள். வேறொரு படகு போய்க் கட்டி இழுத்து வந்தது. அந்தக் குடும்பத்தின் சின்னப் பெட்டை கரையில் இறங்கி என் கையைப் பிடித்தபோது அவள் விரல்கள் ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. பெரியண்ணை என்னிடம் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் சொல்லுக்கு மேலே நான் ஒரு சொல் சொன்னதில்லை. நீங்களும் சொல்லக்கூடாது என்பதுதான் இங்கே தங்குவதற்கு எங்களின் ஒரே கண்டிப்பான நிபந்தனை.

எங்கள் படகு சுற்றுலாவுக்கென்று கட்டின படகு இல்லை. நீங்கள் ஏறுவது ஒருவரின் வயலுக்குள். வயல்காரனுக்குத் தெரியும் எந்த நாள் இறங்கலாம் என்று.

காற்றால் கடலுக்குப் போகாத நாளுக்குப் படகுக் கட்டணம் எடுப்பதில்லை. அறையும் சாப்பாடும் மட்டும்.

நீந்தத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனால் நீந்தத் தெரிந்தவரும் தெரியாதவரும் கரையிலிருந்து கரைவரை உயிர்காப்பு அங்கியைக் கழற்றக்கூடாது. படம் எடுக்கிறதுக்காகவும் கழற்றக்கூடாது.

பிள்ளைகள், பெண்கள், வயதானவர்கள்?

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் படகில் ஏற்றுவோம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கரையே போதும். வற்று நேரத்தில் கணுக்கால் தண்ணியில் நண்டு தேடுவதில் அவர்களுக்குப் பொழுது போவது தெரியாது. வயதானவர்களுக்கு ஒரு விஷயம்: முழங்கால் தண்ணியில் நின்றுதான் படகில் ஏற வேண்டும். மூட்டு வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் துறையில் வைத்து ஏற்றுகிறோம்.

பெண்கள் படகில் ஏறக்கூடாது, வலையைத் தொடக்கூடாது என்ற வழக்கம் முன்பு பல கரைகளில் இருந்தது. எங்கள் படகில் இல்லை. கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றுகிற வேலையில் பாதி எங்கள் பெண்களுடையதுதான். ஆனால் ஆணோ பெண்ணோ செருப்போடு படகில் ஏறாதீர்கள். விரித்த வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

கடலில் சத்தி வரும் என்று பயம்.

வரும் என்று தெரிந்தவர்கள் வைத்தியர் சொன்ன குளிசையைப் படகேற ஒரு மணித்தியாலத்துக்கு முதலே போடுங்கள். படகில் ஏறிய பிறகு போடுவதில் பலனில்லை. படகின் நடுவில் இருங்கள், போனைப் பார்க்காதீர்கள், தொலைவில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். ஆட்டம் கூடினது நங்கூரம் போட்டு நிற்கும்போதுதான். அப்போது தலை சுற்றினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சத்தி எடுத்தவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களும் சின்ன வயதில் எடுத்தவர்கள்தான்.

மீன் முள் குத்தினால் என்ன செய்வது?

ஒட்டி, ஓரா, கெளிறு, திருக்கை நாலையும் நீங்களாகக் கையால் தொடாதீர்கள். முள்ளில் நஞ்சு உண்டு. ஒட்டி குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவுச் சுடுதண்ணியில் குத்துப்பட்ட இடத்தை அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம்வரை வைத்திருக்க வேண்டும். சூடு 45 பாகைக்கு மேல் போகக்கூடாது, தோல் வெந்துவிடும். குத்துப்படாத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். நஞ்சேறின கைக்குச் சூடு தெரியாது. இதற்காகவே படகில் ஒரு போத்தல் சுடுதண்ணி எப்போதும் இருக்கும். நோ குறைந்தாலும் காயத்தை வைத்தியருக்குக் காட்டுங்கள். தீவில் வைத்தியசாலை இருக்கிறது. பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் கொண்டு போக வேண்டும், அதற்குக் கடல் தாண்ட வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர்கள், கடைசி மாதக் கர்ப்பிணிகள் இதை யோசித்து முடிவெடுங்கள்.

பேத்தை பட்டால் அதை உடனே திருப்பி விடுவோம். அதன் நஞ்சு எவ்வளவு சமைத்தாலும் போகாது.

பிடித்த மீன் யாருக்கு?

உங்கள் சாப்பாட்டுக்கு வேண்டியதை முதலில் எடுங்கள். மிச்சம் படகுக்கு. எங்கள் கரையில் தொழில் பங்கு முறையில்தான் நடக்கிறது: பட்டதை விற்று, எண்ணெய்ச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஆளாளுக்கு ஒரு பங்கு. நீங்கள் பிடித்ததும் அதே கூடைக்குள் போய்ச் சேரும். கரையில் கூறியான் மீனை ஏலம் கூறி விற்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நீங்கள் பிடித்த விளைமீனுக்கு விலை ஏறுவதைக் கேட்க ஒரு சந்தோசம் வரும்.

தின்னவும் விற்கவும் ஆகாத சின்ன மீனை உயிரோடு விடவேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள், தண்ணிக்குள் வைத்து அது தானாக நீந்திப் போகும்வரை பொறுங்கள்.

எதையெதைப் பிடிக்கக்கூடாது?

ஆமை, கடற்பசு இரண்டும் சட்டத்தால் காக்கப்பட்டவை. சாதாழைத் தரையில் கடற்பசு மேயக் கண்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். முட்டையோடு இருக்கிற சிங்கிறாலை எடுக்கக்கூடாது. கடலட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆகவே காலில் மிதிபட்டாலும் விட்டுவிடுங்கள். உயிருள்ள முருகைக்கல்லை உடைத்து எடுத்துப் போகாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கல்லில்தான் அடுத்த வருட மீன் இருக்கிறது.

இரவில் வெளிக்கடலுக்குக் கூட்டிப் போவீர்களா? கச்சதீவு பார்க்கலாமா?

இரண்டும் இல்லை. கச்சதீவுக்குத் திருவிழாவுக்குத்தான் போகலாம், அதற்குத் தனிப் பதிவு. எல்லைக் கோட்டுப் பக்கம் நாங்கள் படகை விடுவதில்லை.

இரவு வெளிக்கடலில் இந்திய இழுவைப் படகுகள் வரும். மடி என்கிற பை வலையை நிலத்தோடு இழுத்துப் போகும்போது எங்கள் ஆட்களின் வலை, நிலத்துச் சாதாழை, மீன் குஞ்சு எல்லாம் அதோடு போகும். இலங்கையில் 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். தடை இருந்தும் எங்கள் கடலுக்குள் வருகிறார்கள். ஒரு இரவில் வலை முழுவதையும் இழந்து, காலையில் வெறும் மிதவைகளோடு கரைக்கு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடன் வாங்கி வாங்கின வலை. அக்கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. அதனால் இந்த நோ இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

இரவில் ஆசை என்றால் கரையிலேயே கணவாய்க்குப் போடலாம். நிலவில்லாத இரவாக இருந்தால் இன்னும் நல்லது.

சாப்பாடு எப்படி?

காலை புட்டும் சம்பலும் முட்டைப்பொரியலும், அல்லது இடியப்பமும் சொதியும். மத்தியானம் அன்று பட்டது. விளையென்றால் தேங்காய்ப்பால் சொதி, பாரையென்றால் புளி விட்டுக் குழம்பு, சூடையென்றால் முறுகப் பொரியல்.

கடைசி இரவு ஒடியல் கூழ். இதை மட்டும் தவறவிடாதீர்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்து இடித்த மாவுதான் ஒடியல் மா. அதைத் தண்ணியில் ஊறவிட்டு, கசப்புத் தண்ணியை வடித்து வைப்பார் எங்கள் வீட்டு ஆச்சி. பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு எல்லாம் அவிந்து வரும்போது, செத்தல் மிளகாய் அரைத்ததும் பழப்புளியும் போகும். கடைசியாக மா கரைத்து விடுவார். அகப்பையால் துழாவத் துழாவ அது கட்டிப்பட்டு, நடுவில் ஒரு பெரிய குமிழ் எழும்பி உடையும். அப்போது ஆச்சி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுப்பார். முற்றத்தில் வட்டமாக இருந்து, பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிக்க வேண்டும். மூக்காலும் கண்ணாலும் தண்ணி வரும். இரண்டாம் பிளா கேட்காதவர் இன்னும் வரவில்லை.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறிதான்.

அறை, தண்ணி, கறன்ற், சிக்னல்?

சுத்தமான படுக்கை, நுளம்பு வலை, மின்விசிறி. ஏசி இல்லை. கறன்ற் இருக்கும், இடைக்கிடை நிற்கும். தீவில் நல்ல தண்ணி அருமை. பல கிணறுகள் உவர். குடிக்க வேறு தண்ணி தருவோம், குளிக்க வாளிக் கணக்குத்தான். சிக்னல் முற்றத்தில் கிடைக்கும், அறைக்குள் கிடைக்காது.

கடலுக்குப் போகாத நேரத்தில் என்ன செய்வது?

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் தீவு. ஒரு ஆட்டோவில் அரை நாளில் சுற்றலாம். கட்டாக்காலியாக மேயும் குதிரைகள், சாந்தில்லாமல் முருகைக்கல் அடுக்கிக் கட்டின வேலிகள், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, கோட்டை இடிபாடு, உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்க மரம். குதிரைகளுக்குக் கிட்டப் போகாதீர்கள், சாப்பாடு நீட்டாதீர்கள். கோடையில் அவை தண்ணிக்கு அலைகிற காட்சி மனதைப் போட்டுப் பிசையும்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

எங்கள் ஓட்டிகளில் பலர் கத்தோலிக்கர். ஞாயிறு தொழிலுக்குப் போகமாட்டார்கள். பெரிய வெள்ளியும் அப்படியே. ஞாயிறு வருகிற மாதிரித் திட்டமிட்டால் அதை ஓய்வு நாளாக வையுங்கள்.

கட்டணம் எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள்?

அறையும் சாப்பாடும் ஆளுக்கு. படகு ஆளுக்கல்ல, நாளுக்கு. ஒருவர் போனாலும் மூவர் போனாலும் ஒரே தொகை. எண்ணெய் விலை ஏறி இறங்குவதால் தொகையை இங்கே எழுதவில்லை, கேட்டால் அன்றைய கணக்கைச் சொல்வோம். படகுக் காசை நேரே ஓட்டியின் கையில் கொடுங்கள். அதில் நாங்கள் பங்கு எடுப்பதில்லை.

என்ன கொண்டு வர வேண்டும்?

நீட்டுக் கை வைத்த பருத்திச் சட்டை, நாடி கட்டுகிற தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு, ரோச் லைற், வழமையாகப் போடும் மருந்து. வெயில் மேலிருந்து ஒரு மடங்கு, தண்ணியிலிருந்து ஒரு மடங்கு அடிக்கும். கழுத்துக்குப் பின்புறத்தை மறக்காதீர்கள். காசாகக் கொண்டு வாருங்கள். சாராயம் கொண்டு வர வேண்டாம். குடித்தவரைப் படகில் ஏற்றமாட்டோம்.

மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

கொழும்புக்கென்றால் ஐஸ் போட்டுப் பெட்டி கட்டித் தருவோம். வெளிநாட்டுக்கென்றால் கருவாடு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் குறைவு. ஓட்டியோடு எப்படிக் கதைப்பார்கள்?

இந்தக் கேள்விதான் இப்போது அதிகமாக வருகிறது. படகில் அதிகம் கதை தேவைப்படாது. போடு, விடு, பொறு, தூக்கு. இந்த நாலும் தெரிந்தால் ஒரு காலை ஓடிவிடும்.

போன சித்திரையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெடியன் தாய் தகப்பனோடு வந்தான், பதின்மூன்று வயது. முதல் நாள் பெரியண்ணை சொன்ன எல்லாவற்றுக்கும் தாயைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் நாள் தாய் படகில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது ஐஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்குக் காட்டினான்: விளை, பாரை, ஒட்டி, இது கலவாய், இதைத் தொடாதேங்கோ அம்மா, முள் இருக்கு. தாய் தலையில் கட்டின துணியை அவிழ்க்காமல் அப்படியே கரையில் இருந்துவிட்டாள். பெரியண்ணை படகைக் கட்டிவிட்டு வந்து, பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அடியில் கிடந்த ஒரு மீனைத் தூக்கிப் பெடியனிடம் நீட்டினார்.

"இதின்ர பேர் சொல்லேல்லையே தம்பி?"

"முரல்," என்றான்.